கிழக்கு டேங்கும் மேற்கு டேங்கும்

பட்டு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், கழுத்தில் ரோஜா மாலை. இந்தக் கோலத்தில் நான் ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். இடம், ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி ரோடு. வெயிலுக்கு இளகிய தார் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு, புரளும்போதெல்லாம் சர்ரென்று பிரிந்தது. மாலையிலிருந்து ஒரு இதழ் உதிர்ந்து மூக்குத் துவாரத்தில் உட்கார்ந்துகொண்டது.

வெளியே குனிந்து நின்றபடி என் பெரியப்பா கேட்டார்.

"ஏலே, கெழக்கு டேங்க் தெரியுதா?"

"ரெண்டு டேங்க்கும் தெரியுது பெரியப்பா."

"அதுல எது கெழக்கு?"

எது கிழக்கு என்பதுதான் எனக்கும் தெரியவில்லை. அது தெரியாவிட்டால் மறுநாள் காலையில் எனக்கு நடக்க வேண்டிய கல்யாணம் இன்னொருவனுக்கு நடந்துவிடும். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கிறது அல்லவா? அனுபவிக்க அதைவிடக் கிறுக்குத்தனமாக இருந்தது. முறைப்படி சொல்கிறேன்.

தாய்மாமன் போட்ட கெடு

பெண் நெய்க்காரப்பட்டி. பெயர் மரகதம். பெண்ணின் அப்பா தென்னந்தோப்புக்காரர், தங்கமான மனுஷர், வாய் பேசத் தெரியாதவர். அவர் வாயையும் சேர்த்துப் பேசியவர் பெண்ணின் தாய்மாமன். அவருக்கு ஒரு மகன் இருந்தான். மரகதத்தை அவனுக்குக் கட்டி வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். திண்டுக்கல்லிலிருந்து ஒரு டிரைவர் வந்து குறுக்கே விழுந்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

வெற்றிலை பாக்கு மாற்றிய அன்று, நான் என் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசிவிட்டேன். அவர் மெதுவாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"ஏனுங்க, வண்டி வண்டிங்கறீங்க. ரொம்ப சந்தோசமுங்க. மாப்பிள்ளை அழைப்பு அன்னைக்கு அந்த வண்டியிலயே, ஊட்ல வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்து எறங்கீருங்க. எறங்கலைன்னா எம்பையன் குளிச்சு ரெடியா இருப்பானுங்க. மணை காலியாக் கெடக்கக் கூடாதுங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் என் பெரியப்பா வீம்புக்கு, "வந்து எறங்குவான்யா" என்று தொடையைத் தட்டிவிட்டார். இரண்டு பக்கமும் பெரியவர்கள் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் யார் பேச்சை யார் திரும்ப வாங்குவது?

குட்டி லாரி

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலக யுத்தம் முடிந்த பிறகு ராணுவத்துக்காரர்கள் ஏலம் விட்ட பிக்கப் அது. ஊரில் அதற்குக் குட்டி லாரி என்று பெயர். பணம் போட்டு எடுத்தவர் காசிம் ராவுத்தர், திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவர். ஓட்டியவன் நான். ஒட்டன்சத்திரத்தில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் ஏற்றிப் பாலக்காட்டில் இறக்குவது எங்கள் கூட்டுத் தொழில். ராவுத்தர் என்னை "மாப்ள" என்பார். நான் அவரை "ராவுத்தரே" என்பேன். அவருக்கும் எனக்கும் இருந்த உறவுக்கு இன்றுவரை சரியான பெயர் கிடைக்கவில்லை.

வண்டிக்கு ஒரே குறைதான். பெட்ரோல் குடிக்கும். ராவுத்தர் அழகாகச் சொல்வார்: "இது வண்டி இல்ல மாப்ள, சம்பந்தி. எம்புட்டு ஊத்துனாலும் பத்தலைங்கும்."

அந்தக் காலத்தில் பாலக்காட்டு ரோட்டில் ஒரு பங்க் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். அந்தப் பங்க்கில் பெட்ரோலும் இருந்துவிட்டால் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தோம் என்று யோசிப்போம். இரண்டு முறை பாதி வழியில் நின்று, முருங்கைக்காய் எல்லாம் முற்றின கம்பு மாதிரி ஆன பிறகு, ராவுத்தர் ஒரு முடிவுக்கு வந்தார். வண்டிக்கு இரண்டு டேங்க் கூடுதலாக வைப்பது.

இதற்கு அவர் கூட்டிக்கொண்டு வந்த ஆள் பம்பு செல்லையா.

செல்லையா சாணார்பட்டிக்காரர். அந்தச் சுற்று வட்டாரத்தில் கிணற்றுக்குள் இறங்கிய பம்புசெட் குழாய்களில் பெரும்பாலும் அவர் கை பட்டிருக்கும். மோட்டார் வண்டிக்குக் குழாய் போட்டது அதுதான் முதல் தடவை. அதற்காக அவர் பயந்துவிடவில்லை. வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்.

"இதுல என்னய்யா இருக்கு. ரெண்டு கெணறு, ஒரு வாய்க்கா. ஒரு மடையத் தெறந்தா இன்னொரு மடைய அடைக்கணும். அம்புட்டுத்தான்."

உண்மையில் அவ்வளவுதான். பழைய பெட்ரோல் பீப்பாய் இரண்டை அடித்துத் தட்டையாக்கி, ஓரங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, டிரைவர் பெட்டிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக உட்கார வைத்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செம்புக் குழாய். ஒவ்வொரு குழாயிலும் திறந்து மூட ஒரு பித்தளைத் திருகு, அதுதான் அவர் சொன்ன மடை. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்து இன்ஜினுக்குப் போகும். மூட்டுகளில் பார் சோப்பைக் குழைத்து அப்பினார். பெட்ரோல் எதையும் கரைக்கும், சோப்பிடம் அதன் ஜம்பம் பலிக்காது என்பது அவர் சித்தாந்தம். டேங்க் மூச்சு விடுவதற்கு மேலே ஒரு சின்னக் குழாய் வைத்து, மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க அதைக் கைத்தடிப் பிடி போல வளைத்தும் விட்டார். "மூச்சு விடாத டேங்கு பெட்ரோல் விடாது" என்றார். இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டுவிட்டு, நான் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டேன். வேலை நடந்தபோது ஷெட்டில் இருந்தவர் ராவுத்தர் ஒருவர்தான்.

வேலை முடிந்ததும் செல்லையா ராவுத்தரிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தை இது.

"கெழக்கு டேங்க்ல பெட்ரோல் ரொப்பிட்டேன். மேக்கு டேங்க்ல ஒழுகுதான்னு பாக்கத் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், நாலு நாள் நிக்கட்டும். மேக்கு மடைய மட்டும் தெறந்துராதீங்க, தண்ணி இன்ஜினுக்குள்ள போயிரும்."

ராவுத்தர் தலையாட்டினார். அந்த நேரத்தில் அது அவருக்குத் துல்லியமாகப் புரிந்தது. ஏன் புரியாது? கிழக்கு கிழக்கேதான் இருந்தது.

சித்தப்பாவின் பல்

வேறு ஊர் வாசகர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் இடது வலது என்பது பட்டாளத்தில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். வீட்டில் எல்லாம் திசைதான். "செத்த வடக்க தள்ளி உக்காரு", "தெக்கால கெடக்குற செம்ப எடு", "வெஞ்சனத்த மேக்கோரமா வையி." இலையில் உப்புக்குக்கூடத் திசை உண்டு.

என் சித்தப்பா ஒருவர் டவுனில் பல் டாக்டரிடம் போனார். எந்தப் பல் வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். வாயைத் திறந்தபடியே சித்தப்பா, "கெழக்கோரத்துக் கடவாப் பல்லு" என்றார். டாக்டரும் உள்ளூர்க்காரர்தான், சரி என்று சொல்லிவிட்டு, வெளிச்சத்துக்காக நாற்காலியை ஜன்னல் பக்கம் சுற்றிவிட்டார். அந்த நாற்காலி சுற்றும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது. எந்தப் பல் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். வலித்த பல் அவரோடு இன்னும் பல காலம் இருந்தது.

செல்லையா அந்த மண்ணில் பிறந்தவர். அவர் குழாய் போட்ட எந்தக் கிணறும் எழுந்து திரும்பி நின்றதில்லை.

தெற்கு டேங்க், வடக்கு டேங்க்

மாப்பிள்ளை அழைப்பு நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்டுக்கல்லை விட்டோம். முன்னால் நானும் ராவுத்தரும். மாப்பிள்ளையே வண்டி ஓட்டுவதா என்று பெரியம்மா முணுமுணுத்தாள். வேறு ஆள் ஓட்டினால் வண்டி கிளம்பாது என்பதால் விட்டுவிட்டாள். பின்னால் ஜமுக்காளம் விரித்து, பெரியப்பா, பெரியம்மா, சீர்த் தட்டுகள், சொந்தக்காரர்கள். கிளம்பும்போது பெரியம்மா ஒரு காரியம் செய்தாள். "கல்யாண வண்டியில என்னப்பா கிரீஸுப் பொட்டி" என்று சொல்லி, டூல் பெட்டியைத் தூக்கி ஷெட்டிலேயே வைத்துவிட்டாள். ஸ்பானர் எல்லாம் அதில்தான் இருந்தது. டேங்க் மூடிகளில் ராவுத்தர் போட்டிருந்த பூட்டுகளின் சாவியும் அதில்தான் இருந்தது.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பழைய டேங்க் காலியாகி வண்டி இரண்டு முறை விக்கி நின்றது. நான் கவலையே படவில்லை. புதுத் திருகைத் திறக்க இதுதான் முதல் சந்தர்ப்பம் என்று உற்சாகமாகவே குனிந்தேன்.

"எதத் தெறக்கணும் ராவுத்தரே?"

"கெழக்கு."

"கெழக்குன்னா?"

ராவுத்தர் ரோட்டைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். வண்டி பழனியைப் பார்த்து, மேற்கு நோக்கி நின்றது. ஒரு டேங்க் தெற்கே இருந்தது. இன்னொன்று வடக்கே இருந்தது.

"மாப்ள," என்றார், "ரெண்டையும் காணமே."

பின்னாலிருந்தவர்கள் இறங்கினார்கள். நான் அடியில் புகுந்து பார்த்தேன். இரண்டும் ஒரே ஜாடை. பெரியப்பா கைத்தடியால் தட்டினார், இரண்டும் நிறைந்த குடம் மாதிரி ஒரே சத்தம். மூச்சுக் குழாயில் மூக்கை வைத்தார். இரண்டிலும் பெட்ரோல் வாடை. பீப்பாய் அப்படி. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தால் முடிந்தது வேலை. ஆனால் பூட்டு திண்டுக்கல் பூட்டு. அதை உடைக்கலாம் என்று சொன்னவர் ஒருவர்தான், அவர் மதுரையிலிருந்து வந்த சொந்தம். மற்றவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஏதாவது ஒரு திருகைத் திறந்து பார்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். தண்ணீர் கார்பரேட்டருக்குள் ஒரு மிடறு போனாலும் கழற்றித் துடைக்காமல் வண்டி கிளம்பாது. கழற்ற ஸ்பானர் திண்டுக்கல்லில் இருந்தது.

ரோட்டில் காய்கறி வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்தே விட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவர் சொன்னார்.

"ஏனுங்க, தண்ணி கனமுங்க, பெட்ரோலு லேசுங்க. வண்டி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதோ அதுதானுங்க தண்ணி."

கூட்டம் பின்வாங்கி நின்று பார்த்தது. வண்டி தெளிவாகத் தெற்கே சாய்ந்திருந்தது. "ஆகா" என்றார் பெரியப்பா. அப்போதுதான் தெற்கு ஓரத்தில் பெரியம்மா இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"செத்த எறங்கு" என்றார் பெரியப்பா.

"எதுக்கு?"

"நீ தண்ணியா, அது தண்ணியான்னு பாக்கணும்."

பெரியம்மா இறங்கினாள். வண்டி நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் பெரியப்பாவோடு நெய்க்காரப்பட்டி வரை பேசவில்லை.

ஒரு பஸ் வந்தது. மாப்பிள்ளையை மட்டும் ஏற்றி அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். "அந்த வண்டியிலயே வந்து எறங்கணும்னு வாக்கு" என்றார் பெரியப்பா. பஸ் போனது. பஸ்ஸின் பின் ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை எனக்குக் கை காட்டியது. நான் மாலையோடு கை காட்டினேன். மரகதத்தை நான் ஒரே ஒருமுறை, அதுவும் காபித் தம்ளருக்கு மேலே பாதி முகம்தான் பார்த்திருந்தேன். அந்தப் பாதி முகம் போதும் என்று ஆகியிருந்தது. மீதியை அவளுடைய மாமன் மகன் பார்ப்பான் என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

ராவுத்தர் கொடுத்த சலாம்

"ஷெட்ல வண்டி எப்படி நின்னுச்சுன்னு ஞாபகப்படுத்துங்க ராவுத்தரே. தெருவப் பாத்தா, சொவத்தப் பாத்தா?"

"செல்லையா தெனம் ஒரு தடவ தள்ளித் தள்ளி வச்சாரு மாப்ள. கடைசியில எப்படி நின்னுச்சோ அல்லாவுக்குத்தான் தெரியும்."

சொன்னவர் வானத்தைப் பார்த்தார். அசர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. "செத்த இருங்க, வாரேன்" என்று, வண்டிக்காரர் கொடுத்த தண்ணீரில் கை கால் கழுவி, புளியமரத்தடியில் துண்டை விரித்து மேற்கு நோக்கி நின்றார். கூட்டம் இடம் விட்டு ஒதுங்கியது. மாடுகள் மட்டும் நின்ற இடத்திலேயே அசை போட்டன. பெரியம்மா தன் பங்குக்குப் பழனி மலை இருக்கும் திசையில் கும்பிட்டுக்கொண்டாள். இரண்டும் ஒரே திசையாக இருந்தது வசதியாகப் போயிற்று.

தொழுது முடிக்கும்போது தோளில் இருக்கும் மலக்குகளுக்கு, அதாவது வானவர்களுக்கு, வலது தோள் பக்கம் ஒரு சலாம், இடது தோள் பக்கம் ஒரு சலாம் கொடுப்பார்கள். ராவுத்தர் வலது பக்கம் திரும்பினார். இடது பக்கம் திரும்பினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு துண்டை மடிக்காமலே எழுந்து வந்தார்.

"மாப்ள, கெடச்சிருச்சு. செல்லையா பெட்ரோல் ஊத்தி, நான் பூட்டுப் போட்ட அன்னைக்கு வண்டியோட வெலாவ ஒட்டித்தான் தொழுதேன், வண்டி வாலு எனக்கு இடது பக்கம். வலது பக்கம் சலாம் கொடுக்கத் திரும்புனா மூக்குல இருந்த ஹெட்லைட்டு ஓரக்கண்ணால என்னய மொறச்சுச்சு. மலக்குக்குக் கொடுக்குற சலாம இது வாங்கிக்கிச்சேன்னு சிரிப்பு வந்து, தொழுகையில சிரிக்கக் கூடாதுன்னு ஒதட்டக் கடிச்சேன்."

மேற்கு பார்த்தவருக்கு வலது பக்கம் வடக்கு. ஆக வண்டியின் மூக்கு வடக்கே இருந்திருக்கிறது. அப்படியானால் டிரைவர் பக்கத்து டேங்க்தான் கிழக்கு. நான் திருகுக்குக் கை நீட்டினேன்.

"நில்லுலே," என்றார் பெரியப்பா. "எப்படிச் சொல்ற?"

"வண்டி வடக்க பாத்து நின்னதா மனசுல நெனச்சுப் பாருங்க பெரியப்பா."

கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் கை இந்த டேங்கைக் காட்டியது, பாதிப் பேர் கை அந்த டேங்கை.

"பாத்தியா? அவன் அவன் மனசுல வண்டி அது அது இஷ்டத்துக்குத் திரும்புது. இம்புட்டுப் பேரு இருக்கமே, வண்டியவே திருப்பிப்புடுவோம்."

திருப்பினோம். நகை போட்ட பெண்களும் வண்டிக்காரர்களும் மதுரைச் சொந்தமும் சேர்ந்து, ரோட்டுக்குக் குறுக்கே, முன்னும் பின்னுமாகத் தள்ளி, குட்டி லாரியின் மூக்கை வடக்கே கொண்டுவந்தோம். அது எதிரே இருந்த சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. கிழக்கே ஒரு டேங்க், மேற்கே ஒரு டேங்க், செல்லையா சொன்ன மாதிரியே.

கிழக்கு மடையைத் திறந்தேன். ஹேண்டிலைச் சொருகி, மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, சுற்றினேன். ஒரு சுற்று. இரண்டு. இருமியது. ராவுத்தர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அடுத்த சுற்றுக்கு வண்டி உடம்பையெல்லாம் உலுக்கிக்கொண்டு எழுந்தது. மாடுகள் மிரண்டன.

நான் ஏறி உட்கார்ந்து பழனி பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தேன். பெரியம்மா ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பாதப்பா. மறுபடியும் அது தெக்கு டேங்கா வடக்கு டேங்கா ஆயிரும்."

ராவுத்தர் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "இனிமே அதுக்கு டிரைவர் பக்கத்து டேங்குன்னு பேரு வச்சாச்சு ஆத்தா. ஏறுங்க."

இருட்டு வீடு

பழனி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது நாங்கள் மலைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம். டவுனைத் தாண்டும்போது கடைகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன். நெய்க்காரப்பட்டி எல்லையைத் தொட்டபோது நல்ல இருட்டு.

கல்யாண வீட்டுத் தெருவில் திரும்பினேன். பந்தல் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள், பேச்சுச் சத்தம் கேட்டது. விளக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஹெட்லைட் வெளிச்சம் பந்தலைத் தொடுவதற்குள் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:

"லைட்ட அமத்துங்க மாப்பிள்ளை. மாமன் அதையே வெளக்குன்னு சொல்லிப்புடுவாருங்க."

அமர்த்தினேன். அப்படியே குருட்டாம்போக்கில் உருட்டிக்கொண்டு போய், வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தை இடித்து நிறுத்தினேன்.

நடந்தது இதுதான். பொழுது சாயும் நேரத்தில் மரகதம் எழுந்து, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சமையல்காரர்களிடமும் இருந்த தீப்பெட்டிகளையெல்லாம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பும் அவிக்கப்பட்டது. தாய்மாமன் விதித்தது விளக்கு வைப்பதற்குள் என்றுதானே? விளக்கு வைத்தால்தானே? அவள் அப்பா வாய் பேசத் தெரியாதவர் என்றேன் அல்லவா. அன்றைக்கு அவர் கூடத்து வாசலில் நாற்காலி போட்டு, பேசாமலே உட்கார்ந்திருந்தாராம். தாய்மாமன் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டும் கிடைக்கவில்லை. இருட்டில் யாரோ, பாயசத்துக்குப் பருப்பு ஊற வைத்திருந்த அண்டாவில் கால் வைத்துவிட்டார்கள். அது குளித்து ரெடியாக இருந்த மாமன் மகன் என்று பிறகு தெரிந்தது.

நான் இறங்கி நின்றேன். யாரோ என் கையைத் தடவி, மாலையைத் தடவி, "மாப்பிள்ளைதானுங்க" என்று அறிவித்தார்கள். வளையல் சத்தம் கூடத்திலிருந்து வாசலுக்கு வந்தது. மடியை அவிழ்க்கும் சத்தமும், தீப்பெட்டிகள் கலகலவென்று கொட்டும் சத்தமும் கேட்டன. அதில் ஒன்றை எடுத்து அவள் இருட்டில் நீட்டினாள், தன் மாமனிடம்.

"இந்தாங்க மாமா. நீங்களே வெளக்கு வெய்ங்க."

அவர் வாங்கிக்கொண்டார். அவரும் மனுஷர்தான், அதைச் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்துட்டாருங்களா" என்றார். குச்சியை எடுத்துப் பெட்டியோரத்தில் வைத்த சத்தம் கேட்டது.

"மாமா, செத்த இருங்க," என்றாள் மரகதம். "மாப்பிள்ளை மேல பெட்ரோல் வாடை அடிக்குது. தள்ளி நின்னு பத்த வெய்ங்க."